கென்யாவின் சட்டை, பிரிட்டனின் சட்டை: சைக்கிள் பந்தய வீரர்கள் நாடு மாறுவது பற்றி

கிறிஸ் ஃப்ரூம் நைரோபியில் பிறந்தவர், காமன்வெல்த் போட்டிகளில் கென்யாவுக்காகச் சைக்கிள் ஓட்டியவர். அப்படிப்பட்டவர் பிரிட்டன் வீரராக டூர் டி பிரான்ஸை நான்கு முறை வென்றது எப்படி, அதற்கு விதிகள் இடம் தருகின்றனவா, தன்னை வளர்த்த மண்ணை விட்டுப்போவது நன்றி மறந்த செயலாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். விதிகளைப் பற்றிய பகுதிக்கு நேரடியான பதில் உண்டு. நன்றியைப் பற்றிய பகுதிக்கு, இந்த விளையாட்டை நீண்ட காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் என் கருத்தைத்தான் சொல்ல முடியும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். சைக்கிள் பந்தயத்தில் ஒரு வீரருக்கும் அவருடைய நாட்டுக்கும் உள்ள உறவு, நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டிலோ ஹாக்கியிலோ இருப்பதைப் போன்றது அன்று. அந்த வேறுபாடு தெரியாவிட்டால் ஃப்ரூம் செய்தது இன்னதென்றே விளங்காது.

ஒரு தொழில்முறை வீரர் ஆண்டு முழுவதும் ஓட்டுவது ஒரு நிறுவனத்தின் ஆதரவில் இயங்கும் அணிக்காகத்தான். டூர் டி பிரான்ஸ், இத்தாலியின் ஜீரோ, ஸ்பெயினின் வுவெல்தா ஆகிய மூன்று வார நெடும்பந்தயங்களும், பாரிஸ்–ரூபே, மிலான்–சான் ரெமோ போன்ற ஒருநாள் பந்தயங்களும் நிறுவன அணிகளுக்குரியவை. நம்மூர் வாசகருக்குச் சொல்வதானால், ஆண்டில் பெரும்பகுதி ஐபிஎல் நடந்து, நாட்டுக்காக ஆடுவது ஓரிரு வாரங்கள் மட்டுமே என்றால் எப்படியிருக்குமோ அப்படி. நாட்டின் சட்டையை அணியும் நாட்கள் மிகக் குறைவு: ஆண்டுக்கு ஒருமுறை உலகச் சாம்பியன்ஷிப், கண்ட அளவிலான சாம்பியன்ஷிப், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலிம்பிக், காமன்வெல்த் நாட்டவரானால் அந்தப் போட்டியும். இவற்றோடு ஒவ்வொரு நாடும் தனக்குள் நடத்தும் தேசியச் சாம்பியன்ஷிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் வென்றவர் தம் நாட்டுக் கொடியின் வண்ணங்கள் கொண்ட சட்டையை அடுத்த ஓராண்டு அந்த வகைப் பந்தயங்களில் அணியும் உரிமை பெறுகிறார். வீரர்கள் மிகவும் விரும்பும் பெருமை அது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1930 முதல் 1961 வரையிலும், பின்னர் 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டூர் டி பிரான்ஸே தேசிய அணிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. அந்தக் காலத்தில் குடியுரிமை ஒருவரின் பிழைப்பையே தீர்மானித்தது; பலமான நாட்டில் பிறந்தவர் தம் நாட்டு அணியில் இடம் கிடைக்காமல் வீட்டில் இருக்க நேரிடும், அணியே இல்லாத நாட்டில் பிறந்தவர் கலப்பு அணியில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கும் முந்திய காலத்தில் கொடிகளும் மனிதர்களும் இன்னும் குழம்பிக் கிடந்தன. 1903இல் முதல் டூர் டி பிரான்ஸை வென்ற மொரிஸ் கராங், இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் ஆர்வியே என்ற ஊரில் பிறந்து, சிறுவனாகப் புகைபோக்கி துடைக்கும் வேலை பார்த்து, 1901இல்தான் பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். 1909இல் வென்ற பிரான்சுவா ஃபேபர், பிரான்ஸிலேயே பிறந்து வளர்ந்திருந்தும், தந்தைவழியில் லக்சம்பர்க் நாட்டவராகவே பதிவானார். டூரை வென்ற முதல் வெளிநாட்டவர் என்று இன்றும் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்த 'வெளிநாட்டவர்' முதல் உலகப் போரில் பிரான்ஸின் அந்நியர் படைப்பிரிவில் சேர்ந்து, 1915 மே மாதம் ஆர்த்வா போர்முனையில் பிரான்ஸுக்காக உயிரை விட்டார்.

இனி விதிகள். ஒரு வீரர் பந்தயத்தில் கலந்துகொள்ள ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும். அதைப் பொதுவாக அவர் வசிக்கும் நாட்டின் சைக்கிள் சம்மேளனம் வழங்குகிறது. ஆனால் அவர் எந்த நாட்டின் தேசிய அணிக்குத் தகுதியானவர் என்பதை வசிப்பிடம் தீர்மானிப்பதில்லை, குடியுரிமைதான் தீர்மானிக்கிறது. வரிக்காகவும் வெயிலுக்காகவும் மொனாக்கோவில் குடியிருக்கும் டஜன்கணக்கான வீரர்களில் ஏறத்தாழ எவரும் மொனாக்கோ அணிக்காக ஓட்டாதது இதனால்தான். ஒன்றுக்கு மேற்பட்ட குடியுரிமை உள்ளவர் அவற்றில் ஒன்றைத் தம் 'விளையாட்டு நாடாக' அறிவிக்க வேண்டும். அந்தத் தேர்வை நினைத்தபோதெல்லாம் மாற்றிக்கொள்ள முடியாது. மாற்றத்துக்குச் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும்.

ஒலிம்பிக்கின் கதவு வேறு. ஒலிம்பிக் சாசனத்தின் 41ஆம் விதிப்படி, ஒலிம்பிக்கிலோ, கண்ட, வட்டார அளவிலான போட்டிகளிலோ, உலகச் சாம்பியன்ஷிப்பிலோ ஒரு நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்தவர் வேறு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் இறங்க வேண்டுமானால், முந்தைய நாட்டுக்காகக் கடைசியாக ஓட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். இரு நாடுகளின் ஒலிம்பிக் குழுக்களும் அந்த விளையாட்டின் சர்வதேசச் சங்கமும் இசைந்தால், சர்வதேச ஒலிம்பிக் குழு அந்தக் காலத்தைக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். இந்திய வாசகர் இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் அந்தக் கணமே இந்தியர் என்ற தகுதியை இழக்கிறார். ஆகவே நமக்கு 'நாடு மாறுதல்' என்ற சொல், ஒன்றை உதறிவிட்டு இன்னொன்றைக் கைப்பற்றுவதாகவே ஒலிக்கிறது. ஃப்ரூம் போன்றோர் விஷயத்தில் நடந்தது பெரும்பாலும் அதுவன்று. பிறந்தபோதே கையிலிருந்த இரண்டாவது தாளை எடுத்து மேசைமீது வைத்ததுதான்.

ஃப்ரூம் 1985 மே 20 அன்று நைரோபியில் பிறந்தார். தந்தை இங்கிலாந்திலிருந்து வந்தவர். தாய் ஜேன், கென்யாவில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பத்தில் அங்கேயே பிறந்தவர். பெற்றோர் பிரிந்தபின் தாயுடன் வளர்ந்த சிறுவனுக்கு, பன்னிரண்டு வயதளவில் டேவிட் கிஞ்ஜா என்ற கென்ய வீரர் அறிமுகமானார். நைரோபிக்கு அருகில், கிகுயு நகரையொட்டிய கிராமம் ஒன்றில் தகரக் கூரை வீட்டில் வாழ்ந்துகொண்டு, சுற்றுப்புறப் பிள்ளைகளைத் திரட்டிச் 'சஃபாரி சிம்பாஸ்' என்ற குழுவை நடத்திவந்தவர் அவர். சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவதிலிருந்து மலைச்சாலையில் மூச்சைக் காப்பது வரை ஃப்ரூம் அவரிடம்தான் கற்றார். கறுப்பினச் சிறுவர்களுக்கு நடுவே ஒரே வெள்ளையினச் சிறுவனாக அவர் செம்மண் சாலைகளில் ஓட்டிய காலம் அது. பதினான்கு வயதில் படிப்புக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். விடுமுறைகளில் கிகுயுவுக்குத் திரும்பிவருவது தொடர்ந்தது.

2006 மார்ச்சில் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் கென்யாவுக்காக ஓட்டினார்; டைம் டிரையல் எனப்படும் தனியோட்டத்தில் 17ஆம் இடம். அந்த ஓட்டம்தான் பிரிட்டன் பயிற்சியாளர்களின் கண்ணில் அவரைப் பட வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் கென்யாவின் பெயரில் தனியாளாக வந்து நின்றார். பங்கேற்பு விண்ணப்பத்தைச் சம்மேளனம் அனுப்பவில்லை என்றும், சம்மேளனத் தலைவரின் மின்னஞ்சல் கணக்கைப் பயன்படுத்தித் தானே அனுப்பியதாகவும் அவர் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வீரரும் அவரே, மேலாளரும் அவரே. புறப்பாட்டு மேடையிலிருந்து இறங்கிய சில நொடிகளில் சாலையில் நின்ற நடுவர் ஒருவர்மீது மோதி இருவரும் விழுந்தார்கள். எழுந்து ஓட்டி 36ஆவதாக முடித்தார். அந்தக் காட்சி வேடிக்கையாகப் பல முறை பகிரப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் தெரிவது, உலகச் சாம்பியன்ஷிப்புக்கு ஒரு பயிற்சியாளரோ, ஒரு மெக்கானிக்கோ, வழியை முன்கூட்டிக் காட்ட ஓர் ஆளோ இல்லாமல் அனுப்பப்பட்ட, இல்லை, அனுப்பப்படாமலேயே வந்த இருபத்தொரு வயது இளைஞர்.

2007இல் சுவிட்சர்லாந்தின் ஏக்லில் யூசிஐ நடத்தும் பயிற்சி மையத்தில் சில காலம் இருந்தார். போதிய வசதியில்லாத நாடுகளின் திறமைசாலிகளுக்கென்றே அமைந்த இடம் அது. 2008இல் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் ஆதரவு பெற்ற பார்லோவேர்ல்டு அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டே தம் உரிமத்தைக் கென்யாவிலிருந்து பிரிட்டனுக்கு மாற்றிக்கொண்டார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அவரிடம் முன்பே இருந்தது. புதிதாகக் குடியுரிமை கோரவோ, சத்தியப் பிரமாணம் எடுக்கவோ தேவைப்படவில்லை. தாயார் புற்றுநோயால் இறந்த சில வாரங்களில் தம் முதல் டூர் டி பிரான்ஸை ஓட்டினார். 2010இல் தொடங்கிய ஸ்கை அணி, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு பிரிட்டன் வீரரை டூரில் வெல்ல வைப்பதையே தன் இலக்காக அறிவித்திருந்தது. அதில் முதல் ஆண்டே ஃப்ரூம் இடம்பெற்றார். உரிமத்தில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்பது அப்போது நிச்சயம் ஒரு பொருட்டாக இருந்திருக்கும்.

அதன்பின் நடந்தவை உலகறிந்தவை: 2013, 2015, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் டூர், 2017இல் வுவெல்தா, 2018இல் ஜீரோ. 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் டைம் டிரையலில் வெண்கலம்; 2008இல் உரிமம் மாறிவிட்டதால் லண்டனுக்கு முன்பே மூன்றாண்டுத் தடை கழிந்துவிட்டிருந்தது. 2011 வுவெல்தாவில் முதலிடம் பெற்ற ஸ்பெயின் வீரர் ஹுவான் ஹோசே கோபோ ஊக்கமருந்து விவகாரத்தில் தகுதியிழந்ததால், அந்தப் பட்டம் 2019இல் ஃப்ரூமுக்கு வந்தது. ஆகவே மூன்று வாரப் பெரும்பந்தயம் ஒன்றை வென்ற முதல் பிரிட்டன் ஆண் வீரர் என்ற இடம் பிராட்லி விக்கின்ஸிடமிருந்து ஃப்ரூமுக்கு, அதாவது நைரோபியில் பிறந்தவருக்கு, நகர்ந்துவிட்டது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். மற்ற விளையாட்டுகளில் நாடு மாறுபவர்கள் பெரும்பாலும் பலமான நாட்டிலிருந்து பலவீனமான நாட்டுக்குப் போகிறார்கள். கென்யாவின் ஸ்டீஃபன் செரோனோ 2003இல் கத்தார் சென்று சைஃப் சயீத் ஷாஹீன் என்ற பெயரில் தடையோட்ட உலகச் சாம்பியன் ஆனது நினைவிருக்கலாம். கென்யாவில் அந்த ஓட்டத்துக்கு ஆள் ஏராளம், கத்தாரில் எவருமில்லை. இத்தகைய மாற்றங்கள் மிகுந்ததால்தான் உலகத் தடகளச் சங்கம் 2017இல் அவற்றை நிறுத்திவைத்துப் பிறகு விதிகளைக் கடுமையாக்கியது. ஃப்ரூம் போனது நேர்மாறான திசையில். கென்ய அணியில் அவருக்குப் போட்டியே கிடையாது. பிரிட்டன் அணியில் விக்கின்ஸ், மார்க் கேவண்டிஷ், ஜெரைன்ட் தாமஸ் ஆகியோரோடு இடத்துக்கு மோத வேண்டியிருந்தது. உறுதியான இடத்தை விட்டு உறுதியற்ற இடத்துக்கு ஒருவர் ஏன் போக வேண்டும்?

விடை காற்றில் இருக்கிறது. தடகளத்தில் ஓட்டக்காரருக்குத் தம் கால்கள் போதும். சைக்கிள் பந்தயத்தில் வேகம் கூடக்கூட வீரரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். ஆண்கள் உலகச் சாம்பியன்ஷிப் சாலைப் பந்தயம் 250 கிலோமீட்டரைத் தாண்டும். அதில் வெல்ல வேண்டியவரைக் காற்றிலிருந்து மறைக்கவும், தண்ணீர் கொண்டுவரவும், முன்னே தப்பியோடியவர்களைத் துரத்திப் பிடிக்கவும், டயர் பஞ்சரானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கவும் தோழர்கள் வேண்டும். பின்னால் காரில் மெக்கானிக் வேண்டும். பலமான நாடுகள் எட்டுப் பேரை இறக்குகின்றன. தரவரிசையில் பின்தங்கிய நாட்டுக்கு ஓரிடம் கிடைப்பதே அரிது. தனியாக வரும் வீரர் எவ்வளவு திறமை வாய்ந்தவராயினும், எட்டுப் பேர் உள்ள அணிகளின் திட்டத்துக்கு இடையில் பயணியாகத்தான் இருக்க முடியும்.

2006 சால்ஸ்பர்க்கையும் 2011 கோபன்ஹேகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோபன்ஹேகனில் பிரிட்டன் எட்டுப் பேரை இறக்கியது. அவர்களில் ஏழு பேர் ஏறத்தாழ நாள் முழுவதும் வீரர் கூட்டத்தின் முன்னால் நின்று காற்றைத் தாங்கி, கடைசி முந்நூறு மீட்டருக்குக் கேவண்டிஷைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1965இல் டாம் சிம்ப்சன் வென்றதற்குப் பின் சாலைப் பந்தயத்தில் பிரிட்டன் ஆண்களுக்குக் கிடைத்த முதல் வானவில் சட்டை, அதாவது உலகச் சாம்பியன் அணியும் சட்டை, அது. அன்று முன்னால் நின்று உழைத்தவர்களில் ஃப்ரூமும் ஒருவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தம் விண்ணப்பத்தைத் தாமே அனுப்பி, தனியாக ஓட்டி, தனியாக விழுந்தவர், இங்கே ஓர் அணியில் ஒருவராக இன்னொருவரின் வெற்றிக்காக உழைத்தார். நாடு மாறுவதால் ஒரு வீரருக்குக் கிடைப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் காட்டுவேன்.

இடம் தேடி மாறியவர்களும் இல்லாமல் இல்லை. மாக்ஸ் ஷாந்த்ரி இங்கிலாந்தின் டார்பியில் பிறந்து இத்தாலியில் வளர்ந்தவர். இத்தாலியராகவே தொழிலைத் தொடங்கினார். அக்கால இத்தாலிய அணியில் உலகத் தரமுள்ள வீரர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். 1995இல் பிரிட்டனுக்கு மாறினார். மறு ஆண்டே அட்லாண்டா ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் பிரிட்டனுக்கு வெண்கலம் பெற்றுத் தந்தார். டேன் மார்ட்டின் அதே பிரிட்டனை விட்டு வெளியேறினார். பர்மிங்ஹாமில் பிறந்து 2004இல் பிரிட்டனின் ஜூனியர் சாம்பியன் ஆனவர் அவர். ஆனால் அன்றைய பிரிட்டன் பயிற்சித் திட்டம் மூடிய ஓடுதளப் பந்தயங்களையே மையமாகக் கொண்டிருந்தது. மலையேற்றத்தில் வல்ல ஒல்லியான இளைஞருக்கு அங்கே வேலை குறைவு. தாயார் அயர்லாந்துக்காரர், 1987 டூரை வென்ற ஸ்டீஃபன் ரோஷின் சகோதரி. மார்ட்டின் அயர்லாந்தைத் தேர்ந்தெடுத்து, 2013இல் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ், 2014இல் லொம்பார்தியா ஆகிய ஒருநாள் பந்தயங்களை வென்றார். தாய்மாமனின் நாட்டுக்குப் போனவரை வெளிநாட்டுக்குப் போனவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மனம் இழுத்த இழுப்புக்குப் போனவர்கள் இன்னொரு வகை. ஹைன்ரிக் ஹவுஸ்லர் ஆஸ்திரேலியாவின் இன்வெரலில், ஜெர்மானியத் தந்தைக்கும் ஆஸ்திரேலியத் தாய்க்கும் பிறந்தார். பதினான்கு வயதில் சைக்கிளுக்காகவே ஜெர்மனி சென்று, ஜெர்மானியராக வளர்ந்து, 2009இல் கோல்மாரில் முடிந்த டூர் கட்டத்தை மழையில் தனியாக ஓட்டி வென்றார். ஜெர்மனி அவருக்குப் பயிற்சியும் தொழிலும் கொடுத்தது. எந்தக் குறையும் வைக்கவில்லை. இருந்தும் 2010இல் ஜெர்மன் குடியுரிமையைத் துறந்து ஆஸ்திரேலியரானார். 2015இல் ஆஸ்திரேலியத் தேசியச் சாம்பியனாகி, பச்சையும் பொன்னிறமும் கலந்த சட்டையை அணிந்தார். லிண்டா வில்லும்சன் டென்மார்க்கின் ஹெர்னிங்கில் பிறந்து, 2009 உலகச் சாம்பியன்ஷிப் டைம் டிரையலில் டென்மார்க்குக்கு வெண்கலம் வென்றவர். அடுத்த ஆண்டு முதல் நியூசிலாந்து வீராங்கனை. நம் தில்லியில் 2010 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி பெற்றதும் அந்த நாட்டுக்காகவே. 2011இல் உலகச் சாம்பியன்ஷிப் கோபன்ஹேகனுக்கு வந்தபோது, தாம் பிறந்த நாட்டின் தலைநகரில் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டையோடு வெள்ளிப் பதக்க மேடையில் நின்றார். 2015இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் உலகச் சாம்பியனும் ஆனார்.

இவர்களெல்லாம் தாங்களாகத் தேர்ந்தெடுத்தவர்கள். காலடியிலிருந்த நாடே மறைந்துபோனவர்களின் கதை வேறு. அந்திரேய் ச்மில் 1963இல் சோவியத் ஒன்றியத்தின் தூரக் கிழக்கில், கபாரோவ்ஸ்க்கில் பிறந்தார். 1989இல் சோவியத் வீரர்கள் முதன்முறையாகத் தொழில்முறைப் பந்தயத்துக்கு அனுமதிக்கப்பட்டபோது அவர்களில் ஒருவராக மேற்கே வந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்த ஒன்றியம் இல்லாமல் போனது. 1994இல் அவர் பாரிஸ்–ரூபேயை வென்றபோது பெயருக்குப் பக்கத்தில் மால்டோவா. 1997இல் பாரிஸ்–டூர் என்ற ஒருநாள் பந்தயத்தை வென்றபோது உக்ரைன். 1998இல் பெல்ஜியக் குடியுரிமை கிடைத்தபின் 1999இல் மிலான்–சான் ரெமோவையும் 2000இல் ஃப்ளாண்டர்ஸ் பந்தயத்தையும் வென்றபோது பெல்ஜியம். ஒரே மனிதர், ஒரே கால்கள், முடிவுப் பட்டியலில் மூன்று கொடிகள். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 2006இல் அவர் மால்டோவாவின் விளையாட்டுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார். குடியுரிமையை மாற்றிய மனிதர் பழைய மண்ணை மறந்துவிடுவார் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

நம் காலத்திலும் அரசியல் இதே வேலையைச் செய்திருக்கிறது. பாவெல் சிவாகோவின் தாயும் தந்தையும் ரஷ்யச் சைக்கிள் வீரர்கள். அவர் பிறந்தது இத்தாலியில், சிறுவயது முதல் வளர்ந்தது பிரான்ஸின் பிரனே மலையடிவாரத்தில். பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றிருந்தார். ஆனால் பந்தயத்தில் ரஷ்யராகவே பதிவாகியிருந்தார். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும், மார்ச் தொடக்கத்தில் யூசிஐ ரஷ்ய, பெலாரஸ் அணிகளைத் தடைசெய்தது. அந்த நாட்களிலேயே, போரை எதிர்த்துப் பேசிய சிவாகோவின் விளையாட்டு நாடு பிரான்ஸ் என்று மாற்றப்பட்டது. பிரான்ஸுக்காக ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் முன்பே இருந்ததாகவும் அவர் தெரிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வுலங்காங்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரான்ஸின் நீலச் சட்டையில் ஓட்டினார். பல மாதங்கள் ஆகும் என்று நாம் நினைக்கும் ஒரு நடைமுறை, சூழ்நிலை நெருக்கினால் சில நாட்களில் முடிந்துவிடும் என்பதற்கு அவர் சான்று.

எனக்கு ஒப்புதல் இல்லாத வகை ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ஷேன் பெர்கின்ஸ் ஆஸ்திரேலிய ஓடுதள வீரர், 2011இல் கெய்ரின் என்ற ஓடுதள வேகப் பந்தயப் பிரிவில் உலகச் சாம்பியன், 2012 லண்டன் ஒலிம்பிக் வேகப் பந்தயத்தில் வெண்கலம். ஆஸ்திரேலிய அணியில் அவருக்கான இடம் போனபின், 2017இல் ரஷ்ய அதிபரின் ஆணை ஒன்றின்மூலம் ரஷ்யக் குடிமகனானார். ஒரு சாதாரணக் குடியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தாளை, பதக்கம் தரக்கூடியவர் என்பதற்காக ஓர் அரசு ஒரு கையெழுத்தில் கொடுப்பது, விளையாட்டுக்கும் நல்லதில்லை, குடியுரிமைக்கும் நல்லதில்லை. பெர்கின்ஸை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு விளையாட்டு வீரரின் காலம் குறுகியது, கதவு திறந்தால் நுழையத்தான் செய்வார். கேள்வி கேட்க வேண்டியது கதவைத் திறந்த கையைத்தான். ரஷ்யாவுக்காக மூன்று ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற ஓல்கா சபெலின்ஸ்காயா 2018இல் உஸ்பெகிஸ்தானுக்கு மாறி டோக்கியோவில் அந்நாட்டுக்காக ஓட்டியபோதும் எனக்கு இதே நெருடல் இருந்தது. அவருடைய தந்தை செர்கேய் சுகோருச்சென்கோவ் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியத்துக்குத் தங்கம் வென்றவர் என்பதையும், உஸ்பெகிஸ்தானும் அன்று அதே ஒன்றியத்துக்குள்தான் இருந்தது என்பதையும் நினைத்தபோது நெருடல் சற்றுக் குறைந்தது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஃப்ரூம் கென்யாவுக்கு நன்றி மறந்தாரா? கென்யா என்ற சொல்லுக்குள் இங்கே இரண்டு இருக்கின்றன. ஒன்று, நீண்டதூர ஓட்டத்தையே தன் பெருமையாகக் கொண்டு சைக்கிளுக்குப் பணமோ கவனமோ ஒதுக்க முடியாத நாட்டின் சம்மேளனம். அது அவருக்குக் கொடுத்தது குறைவு; அதனிடமிருந்து அவர் எடுத்துச் சென்றதும் குறைவு. மற்றொன்று டேவிட் கிஞ்ஜா. அவருக்குத்தான் கடன் உண்டு. ஃப்ரூம் அதை மறைத்ததில்லை. தாம் உருவான கதையைச் சொல்லும்போதெல்லாம் கிஞ்ஜாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். கிஞ்ஜாவும் தம் மாணவர் வேறு கொடியின்கீழ் வென்றதைக் குறையாகப் பேசாமல், பெருமையாகவே பேசிவந்திருக்கிறார். கடன் பட்டவரும் கொடுத்தவரும் பேசித் தீர்த்துக்கொண்ட ஒன்றைத் துரோகம் என்று அழைக்க மூன்றாம் மனிதர்களான நமக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. அதே கிகுயு கிராமத்தில், அதே ஆசிரியரிடம், அதே செம்மண் சாலையில் ஓட்டிய மற்ற பிள்ளைகளின் வீட்டு அலமாரியில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை. ஃப்ரூமின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவர் பெற்ற வெற்றிகள் அவருடைய உழைப்பால் வந்தவை. ஆனால் பெல்ஜியத்திலோ இத்தாலியிலோ ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, விசா வராமல் நைரோபியில் உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. ஆப்பிரிக்க வீரர்கள் பலருக்கு இன்றுவரை முதல் மலையேற்றம் தூதரக வரிசைதான். எரித்ரியாவின் பினியாம் கிர்மாய் தம் நாட்டின் பாஸ்போர்ட்டையே வைத்துக்கொண்டு 2022இல் கென்ட்–வெவெல்கெம் ஒருநாள் பந்தயத்தை வென்று, 2024 டூரில் மூன்று கட்டங்களையும் புள்ளிப் பட்டியலில் முதல்வருக்குரிய பச்சைச் சட்டையையும் வென்றார் என்றால், அதற்குப் பின்னால் எரித்ரியாவில் தலைமுறைகளாக வேரூன்றிய சைக்கிள் பண்பாடு இருக்கிறது. இத்தாலிய ஆட்சிக் காலத்தில் தொடங்கி அஸ்மாராவின் தெருக்களில் இன்றும் வாரந்தோறும் நடக்கும் பந்தயங்கள் இருக்கின்றன. கென்யாவில் அப்படியொரு அடித்தளம் உருவாகவே சுலைமான் கங்காங்கி போன்றவர்கள் உழைத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்க வீரர்களைச் சர்வதேசப் பந்தயங்களுக்குக் கொண்டுசெல்ல முயன்ற அமானி அணியின் தலைவரான அவர், 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஒரு சரளைச் சாலைப் பந்தயத்தில் விழுந்து இறந்தார்.

2025 செப்டம்பரில் உலகச் சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணுக்கு, ருவாண்டாவின் கிகாலிக்கு வந்தது. ஐரோப்பிய விசா வரிசையில் நிற்காமல், அண்டை நாட்டுக்குப் போவதுபோல் போய்க் கென்ய வீரர்கள் கலந்துகொள்ளக்கூடிய தொலைவில் அந்தப் பந்தயம் இருந்தது. 2006இல் சால்ஸ்பர்க்குப் பதிலாகக் கிகாலியில் நடந்திருந்தால், கென்யச் சம்மேளனத்திடம் ஒரு காரும் ஒரு மெக்கானிக்கும் இருந்திருந்தால், ஃப்ரூம் 2008இல் எந்தத் தாளை மேசைமீது வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.